சரிவான நெடும்பாதையில் பனி அகற்றுவது: இயந்திரம் வாங்குவதற்கு முன் எண்ணிப் பார்க்க வேண்டியவை

நீங்கள் கேட்டிருப்பதை முதலில் என் சொற்களில் சொல்லிவிடுகிறேன். சாலையிலிருந்து வீடு வரை ஏறத்தாழ 250 மீட்டர் நீளத்துக்குச் சரளைப் பாதை. நடுவே செங்குத்தாக ஏறும் ஒரு வளைவு. வீடு மேட்டில் இருக்கிறது. சென்ற குளிர்காலத்தை மண்வாரியை வைத்துக்கொண்டு ஓட்டியதில் உடலும் மனமும் களைத்துப்போயின. இந்த ஆண்டு முன்புறம் பனி தள்ளும் பிளேடு பூட்டிய பிக்கப் வண்டி வாங்குவதா, பனியை வாரி எறியும் இயந்திரம் வாங்குவதா என்று கேட்கிறீர்கள். உங்கள் கேள்வியின் கடைசி வரியில், வளைவில் இறங்கும்போது கார் இரண்டு முறை வழுக்கியது என்றும் எழுதியிருக்கிறீர்கள். எனக்கு முக்கியமாகப் படுவது அந்த வரிதான். பனியைத் தள்ளும் வலிமை பல இயந்திரங்களுக்கு உண்டு. அந்தச் சரிவில் ஏறவும், அதைவிட முக்கியமாக இறங்கும்போது நிற்கவும் எதனால் முடியும் என்பதே நீங்கள் தீர்மானிக்க வேண்டியது. இருபது குளிர்காலங்களாக மலைச்சரிவுப் பண்ணைப் பாதைகளில் டிராக்டர் கொண்டு பனி அகற்றிவரும் அனுபவத்திலிருந்து எழுதுகிறேன். உங்கள் வளைவை நான் நேரில் பார்க்கவில்லை என்பதால், அதன் அளவுகளைப் பொறுத்த முடிவுகளை உங்களிடமே விட்டுவிடுகிறேன்.

முதலில் பனியின் எடையைக் கணக்கிடுவோம். மூன்று மீட்டர் அகலமும் 250 மீட்டர் நீளமும் உள்ள பாதையின் பரப்பு 750 சதுர மீட்டர். அதன்மீது 15 சென்டிமீட்டர் பனி விழுந்தால் அதன் கொள்ளளவு 112 கன மீட்டருக்குச் சற்று மேல். புதிதாக விழுந்த உலர்பனி ஒரு கன மீட்டருக்கு ஏறத்தாழ 100 கிலோ எடையிருக்கும். அப்படியானால் பாதையில் கிடப்பது 11 டன். ஈரப்பனியாக இருந்தால் ஒரு கன மீட்டர் 300 கிலோவையும் தாண்டக்கூடும். அதே 15 சென்டிமீட்டர் அப்போது 30 டன்னுக்கு மேல். ஆழத்தை மட்டும் பார்த்து வேலையை அளக்கக் கூடாது என்பதற்கு இதுவே காரணம். சிலர் உங்களுக்குப் பரிந்துரைத்த, தரைக்கடியில் சூடேற்றும் அமைப்பைப் பற்றியும் இதே கணக்கு பேசும்: ஒரு கிலோ பனிக்கட்டியை உருக்க 334 கிலோஜூல் வெப்பம் வேண்டும், 11 டன் உலர்பனியை உருக்க மட்டும், எந்த இழப்பும் இல்லையென்று வைத்துக்கொண்டாலும், ஆயிரம் யூனிட்டுக்கு மேல் மின்சாரம் செலவாகும். வளைவின் சில மீட்டர்களுக்கு அது பொருந்தலாம். முழுப் பாதைக்கும் பொருந்தாது.

மண்வாரியைப் பற்றி ஒரு சொல் சொல்லிவிட்டு நகர்கிறேன். குளிர்காற்று இரத்தக் குழாய்களைச் சுருக்குகிறது. பாரத்தைத் தூக்கும்போது மூச்சை அடக்குவது இரத்த அழுத்தத்தைச் சட்டென்று ஏற்றுகிறது. கால்கள் அசையாமல் நிற்க, கைகள் மட்டும் கடுமையாக உழைக்கின்றன. கனடாவின் கியூபெக் மாகாணத்தில் 1981 முதல் 2014 வரையிலான மருத்துவமனைப் பதிவுகளை ஆராய்ந்தவர்கள், கடும் பனிப்பொழிவுக்கு மறுநாள் ஆண்களிடையே மாரடைப்பு கூடியதைக் கண்டார்கள். 250 மீட்டர் சரிவைக் கையால் அள்ளுவதை எந்த வயதினருக்கும் நான் பரிந்துரைக்க மாட்டேன். மண்வாரி படிக்கட்டுக்கும் கதவருகுக்கும் மட்டும் இருக்கட்டும்.

இப்போது சரிவுக்கு வருகிறேன். வளைவில் ஒரு மீட்டர் நீளமுள்ள நேரான பலகையை வைத்து, ரசமட்டத்தால் கிடைமட்டமாக்கி, பலகையின் தாழ்வான பக்கத்து முனைக்கும் தரைக்கும் உள்ள இடைவெளியை அளந்து பாருங்கள். இடைவெளி 15 சென்டிமீட்டர் என்றால் சரிவு 15 சதவீதம். அந்த எண்ணை டயரின் பிடிப்போடு ஒப்பிட வேண்டும். இறுகிய பனியின்மேல் நல்ல குளிர்கால டயருக்குக் கிடைக்கும் உராய்வுக் கெழு, அதாவது பிடிப்பின் அளவு, தோராயமாக 0.2 முதல் 0.3 வரை; பனிக்கட்டியின்மேல் 0.1 அல்லது அதற்கும் கீழே. நான்கு சக்கரங்களும் இயங்கும் வண்டியால், கெழு 0.1 ஆக இருக்கும்போது, 10 சதவீதத்துக்கு மேற்பட்ட சரிவில் ஏற முடியாது; இரண்டு சக்கரங்கள் மட்டும் இயங்கினால், பாரம் எந்த அச்சில் விழுகிறது என்பதைப் பொறுத்து, அதில் ஏறத்தாழ பாதிதான். இது ஏறுவதற்கான கணக்கு. இறங்குவதற்கான கணக்கு இன்னும் கடுமையானது. மணிக்கு 20 கிலோமீட்டர் வேகத்தில், கெழு 0.25 உள்ள இறுகிய பனியில், சமதரையில் பிரேக் பிடித்த வண்டி ஆறு மீட்டரில் நின்றுவிடும். 15 சதவீதச் சரிவில் அதே வண்டிக்கு 16 மீட்டர் வேண்டும். அங்கே பனிக்கட்டி படிந்திருந்தால் அது நிற்கவே நிற்காது, ஏனென்றால் கீழே இழுக்கும் விசை டயரின் பிடிப்பைவிடப் பெரிது. நான்கு சக்கர இயக்கம் ஏறுவதற்குத் தரும் உதவியை நிற்பதற்குத் தருவதில்லை. எல்லாக் கார்களுக்கும் பிரேக் ஏற்கெனவே நான்கு சக்கரங்களிலும் இருக்கிறது. மேலே ஏறிவிட்டோம் என்ற துணிவோடு இறங்கத் தொடங்குபவர்களே பெரும்பாலும் ஓடையில் விழுகிறார்கள்.

டிராக்டரில் இந்தக் கணக்கு வேறு மாதிரி அமைகிறது. அதை நான் பட்டுத் தெரிந்துகொண்டேன். பெரும்பாலான டிராக்டர்களில் பிரேக் பின்சக்கரங்களில் மட்டுமே உண்டு. முன்சக்கர இயக்கத்தை இணைத்திருந்தால், பற்சக்கரங்களின் வழியே அந்தப் பிடிப்பு முன்சக்கரங்களுக்கும் போய்ச் சேரும். இணைக்காமல் விட்டால் பின்னிரண்டு சக்கரங்களை மட்டும் நம்பி இறங்குகிறோம். தொழிலுக்கு வந்த மூன்றாம் ஆண்டில், முன்வாளி நிறைய ஈரப்பனியை ஏந்திக்கொண்டு, முன்சக்கர இயக்கத்தை இணைக்க மறந்து ஒரு சரிவில் இறங்கினேன். வாளியின் பாரம் பின்புறத்தைத் தூக்கிவிட்டிருந்தது; பிரேக்கை மிதித்ததும் பின்சக்கரங்கள் பூட்டிக்கொண்டு, டிராக்டர் பக்கவாட்டில் நழுவி ஒரு பனிக்கரையில் முட்டி நின்றது. கரை இல்லாதிருந்தால் கவிழ்ந்திருக்கும். அன்றிலிருந்து சரிவின் உச்சியிலேயே தாழ்ந்த கியரையும் முன்சக்கர இயக்கத்தையும் போட்டுக்கொள்கிறேன். பின்புறம் எதிர்ப்பாரம் மாட்டாமல் வாளியைத் தூக்குவதில்லை. நான்கு சக்கரங்களுக்கும் சங்கிலி போடுகிறேன். பின்சக்கரங்களுக்கு மட்டும் சங்கிலி போட்டால் ஏறலாம். ஆனால் இறங்கும்போது ஸ்டியரிங் திருப்பியும் முன்பகுதி திரும்பாமல் நேரே போகும். கவிழ்ந்தால் ஓட்டுபவரைக் காக்கும் சட்டகம் இல்லாத பழைய டிராக்டரை, எவ்வளவு மலிவாகக் கிடைத்தாலும், உங்கள் வளைவுக்கு வாங்காதீர்கள்.

எந்த இயந்திரமாக இருந்தாலும், வேலையின் பெரும்பகுதி, அதை எப்போது செய்கிறோம் என்பதில் அடங்கியிருக்கிறது. விழுந்த பனியின் துகள்கள் ஒன்றோடொன்று ஒட்டி, சிறுசிறு பாலங்களாகப் பிணைந்து இறுகத் தொடங்குகின்றன. குலைக்கப்பட்ட பனி இன்னும் விரைவாக இறுகும். அதனால்தான் இயந்திரம் எறிந்த பனிக்கரை மறுநாள் சுவர் போல நிற்கிறது. அகற்றாத பனியின்மேல் கார் ஒருமுறை ஏறி இறங்கினாலும், சக்கரத்தடம் அழுந்தி இரண்டு பட்டைகளாக இறுகிவிடும். பிளேடு அவற்றின்மேல் வழுக்கிக்கொண்டு போகும். வெயில் பட்டு இரவில் உறைந்தால் அவை பனிக்கட்டி. ஆகவே பனிப்பொழிவு எச்சரிக்கை வந்ததும் காரைப் பாதையின் அடிவாரத்தில், சாலைப் பனி வண்டிகளுக்கு இடைஞ்சல் இல்லாமல் நிறுத்திவிட்டு நடந்து ஏறுங்கள். நீண்ட பொழிவில் முடியும்வரை காத்திராமல், 10 முதல் 15 சென்டிமீட்டர் சேரும்போதெல்லாம் ஒருமுறை அகற்றுங்கள். மழை வரப்போகிறது என்றாலோ வெப்பநிலை திடீரென்று இறங்கப்போகிறது என்றாலோ, தூக்கத்தைக் கெடுத்துக்கொண்டாவது அதற்கு முன் வேலையை முடித்துவிட வேண்டும். அந்த ஒரு மணி நேரத்தைத் தவறவிட்டால் வாரக்கணக்கில் பனிக்கட்டியோடு போராட வேண்டிவரும்.

சரளைப் பாதை என்பதால் இன்னொரு சிக்கலும் உண்டு. உறையாத சரளையின்மேல் பிளேடைத் தாழ்த்தினால் பனியோடு கல்லும் போய்விடும். பனியை எறியும் இயந்திரத்தில் கல் சிக்கினால் அது சன்னலையோ ஆளையோ தாக்கும். பிளேடின் அடியிலும் எறியும் இயந்திரத்தின் பக்கங்களிலும் இருக்கும் சறுக்குக் காலணிகளை (தரையில் உரசி ஓடும் தாங்கிகளை) கீழே இறக்கி, வெட்டும் விளிம்பு தரையிலிருந்து இரண்டு மூன்று சென்டிமீட்டர் உயர்ந்திருக்கும்படி வையுங்கள். முதல் பனியை அகற்றாமல் அழுத்தி இறுகவிட்டு, அதையே குளிர்காலம் முழுவதும் அடித்தளமாக வைத்துக்கொள்ளும் வழக்கம் ஒன்று உண்டு. இதில் அனுபவசாலிகளிடையே கருத்து வேறுபாடு இருக்கிறது. தொடர்ந்து குளிராக இருக்கும் இடங்களில், மிதமான சரிவில், அந்த அடித்தளம் கல்லைக் காப்பாற்றி நன்றாகவே பயன்படுகிறது. அடிக்கடி உருகி உறையும் தட்பவெப்பத்தில் அதுவே பனிக்கட்டிப் பாளமாகிவிடும். என் வழக்கம், சமமான பகுதிகளில் அடித்தளத்தை விட்டுவைத்து, செங்குத்தான பகுதியில் கல் சிறிது போனாலும் பரவாயில்லை என்று சரளை தெரியும்வரை அகற்றுவது. கல்லை வசந்தத்தில் மீண்டும் இட்டுக்கொள்ளலாம்.

எந்தத் திசையில் தள்ளுவது, எங்கே குவிப்பது என்பதில் பலர் கவனம் செலுத்துவதில்லை; எனக்கோ இதுவே இந்தத் தொழிலின் சாரம் என்று தோன்றுகிறது. வீடு மேட்டில் இருப்பது உங்களுக்கு நன்மை: இயந்திரத்தை மேலே நிறுத்தி வைத்து, மேலிருந்து கீழ்நோக்கித் தள்ளினால் சரிவே உதவி செய்யும், கீழிருந்து மேல்நோக்கித் தள்ளினால் பாரமும் சரிவும் சேர்ந்து டயரைச் சுழலவிடும். முதல் ஓட்டத்தில் பாதையின் நடுவைத் திறந்து, பிளேடைக் கோணமாக வைத்து, பிறகு ஓரங்களை நோக்கி விரியுங்கள். பருவத்தின் தொடக்கத்திலேயே, தேவை என்று தோன்றுவதைவிட ஒரு மீட்டர் கூடுதலாக ஒவ்வொரு பக்கமும் அகலப்படுத்திவிடுங்கள். டிசம்பரில் தள்ளி வைத்த கரை ஜனவரியில் அசையாது. ஒவ்வொரு பொழிவுக்கும் பாதை ஒரு சாண் குறுகிக்கொண்டே வந்து, கடைசியில் கார் கதவைத் திறக்கக்கூட இடமிருக்காது. தீயணைப்பு வண்டியும் ஆம்புலன்சும் ஏறி வர வேண்டிய பாதை அது என்பதையும் நினைவில் வையுங்கள்.

பனிக்கரையை இயன்றவரை பாதையின் தாழ்ந்த பக்கத்திலேயே குவியுங்கள். உயர்ந்த பக்கத்தில் குவித்தால், பகலில் வெயில் பட்டு உருகும் நீர் பாதையின் குறுக்கே ஓடி, மாலையில் மெல்லிய கண்ணாடிப் படலமாக உறையும். காலையில் பனியே பெய்யாத நாளில் கார் வழுக்குவதற்கு இதுவே காரணம். உங்கள் கார் வழுக்கிய இரண்டு முறையும் வானம் தெளிவாக இருந்தது என்று எழுதியிருக்கிறீர்கள்; உங்கள் வளைவிலும் இதுதான் நடந்திருக்கக்கூடும் என்று ஊகிக்கிறேன். உறுதிப்படுத்த, வெயில் அடித்த ஒரு நாளில் பிற்பகல் மூன்று மணிக்கு அங்கே போய், நீர் எங்கிருந்து கசிகிறது என்று பாருங்கள். மேட்டுப்பக்க வடிகால் பனியால் அடைபட்டிருந்தாலோ, பாதைக்கு அடியில் நீரைக் கடத்தும் குழாய் மதகின் வாய் உறைந்திருந்தாலோ, அதைத் திறந்துவிட்டாலே பாதிக் கவலை தீரும்.

இனி இயந்திரம். கையால் பிடித்து நடத்தும், பனியை உள்ளே இழுக்கும் திருகுத் தண்டும் அதை வெளியே எறியும் வீசுசக்கரமும் கொண்ட இரண்டு கட்டப் பனிவீசி 60 முதல் 75 சென்டிமீட்டர் அகலம் வெட்டும். மூன்று மீட்டர் அகலத்துக்கு ஐந்தாறு ஓட்டங்கள். 250 மீட்டர் பாதையில் ஏறத்தாழ ஒன்றரை கிலோமீட்டர் நடை. ஆழப்பனியில் மணிக்கு ஒன்றரை இரண்டு கிலோமீட்டர்தான் போக முடியும் என்பதால், ஒவ்வொரு முறையும் ஒரு மணி நேரம் சரிவில் ஏறி இறங்க வேண்டும். செய்யக்கூடியதே, ஆனால் சலிப்பும் களைப்பும் கவனத்தைக் குறைக்கும். பிளேடு பூட்டிய பிக்கப் அதே வேலையைச் சில நிமிடங்களில் முடித்துவிடும். ஆனால் அது பனியை ஓரத்தில்தான் ஒதுக்குகிறது, அப்பால் எறிவதில்லை. பனி மிகுந்த ஆண்டில், வளைவின் ஒரு பக்கம் மண்மேடும் மறுபக்கம் பள்ளமுமாக இருந்தால், ஒதுக்க இடம் தீர்ந்துபோகும். பின்புறம் பாரம் ஏற்றாமலோ சங்கிலி போடாமலோ அதை உங்கள் வளைவில் இறக்க நான் துணியமாட்டேன். என் தேர்வு, நான்கு சக்கர இயக்கமுள்ள சிறிய டிராக்டரும், அதன் எஞ்சின் விசையால் சுழலும் பனிவீசியும், நான்கு சங்கிலிகளும். வேகம் குறைவு, ஆனால் பனி பத்து மீட்டர் அப்பால் போய் விழும், கரை வளராது, பாதை குறுகாது. ஆண்டுக்கு நான்கைந்து பொழிவுகள் மட்டும் உள்ள இடமென்றால் இந்தச் செலவு வீண். அப்போது தொழிலாக இதைச் செய்பவரைப் பருவ ஒப்பந்தத்தில் அமர்த்திக்கொள்வதே அறிவு. அவரிடம் முதலில் கேட்க வேண்டியது, எத்தனை சென்டிமீட்டர் விழுந்ததும் வருவார், வளைவில் மணல் தூவுவாரா என்பவற்றை.

பனிவீசியின் வெளியேற்றும் குழல் ஈரப்பனியில் அடைத்துக்கொள்ளும். அப்போது கையை உள்ளே விடாதீர்கள். எஞ்சினை நிறுத்தி, சாவியை எடுத்து, எல்லாம் அசைவற்று நின்ற பிறகும் கோலால்தான் குத்தி எடுக்க வேண்டும். எஞ்சின் நின்ற பின்னும் பெல்ட்டில் தங்கியிருக்கும் இறுக்கம், அடைப்பு விலகிய கணத்தில் வீசுசக்கரத்தை ஒரு சுற்றுச் சுற்றிவிடும். விரல்களை எடுத்துவிட அந்த ஒரு சுற்றுப் போதும். கல்லில் மோதும்போது உடைந்து, பற்சக்கரப் பெட்டியைக் காப்பாற்றுவதற்கென்றே வைத்திருக்கும் ஷியர் பின்களை அரை டஜன் வாங்கிப் பையில் வைத்திருங்கள். அவற்றின் இடத்தில் சாதாரண போல்ட்டைப் போட்டால் உடைவது பெட்டியாக இருக்கும்.

எவ்வளவு கவனமாக இருந்தாலும் வளைவில் பனிக்கட்டி படியும் நாள்கள் வரும். சாதாரண உப்பு மைனஸ் 9 டிகிரி செல்சியஸ் வரைதான் நடைமுறையில் பயன்படும். உறைநிலைக்கு ஒரு டிகிரி கீழே ஒரு கிலோ உப்பு ஏறத்தாழ 50 கிலோ பனிக்கட்டியை உருக்கும். மைனஸ் 7 டிகிரியில் எட்டு ஒன்பது கிலோவுக்கு மேல் உருக்காது. கால்சியம் குளோரைடு மைனஸ் 25 டிகிரிக்கும் கீழே வேலை செய்யும், விலை அதிகம். ஆனால் சரளைப் பாதையில் இரண்டையும் நான் விரும்புவதில்லை: உருகிய நீர் அடித்தளத்தை நெகிழ்த்திச் சேறாக்கும், உப்புநீர் ஓரத்து மரங்களின் வேருக்கும் கிணற்றுக்கும் இறங்கும். உங்களுக்கு ஏற்றது 3 முதல் 6 மில்லிமீட்டர் அளவுள்ள, முனைகள் கூராக இருக்கும் உடைகல் துகள். உருண்டையான ஆற்று மணல் அந்த அளவுக்குப் பிடிப்புத் தராது. மூடியிட்ட பீப்பாய்கள் இரண்டை வளைவின் மேலும் கீழும் வைத்து, துகள் உறைந்து கட்டியாகாமல் இருக்கும் அளவுக்குச் சிறிது உப்பு கலந்து வையுங்கள். உறைநிலைக்கு அருகில், மேலே ஈரம் மின்னும் பனிக்கட்டியே மிக வழுக்கும்; கடுங்குளிரில் அதே பனிக்கட்டி சற்றே பிடிப்புக் கொடுக்கும். ஆகவே தூவ வேண்டிய நாள் குளிர் உறைக்கும் நாளைவிட, இதமாகத் தோன்றும் நாளாகவே பெரும்பாலும் இருக்கும்.

பாதையின் மேல்பகுதி திறந்த வயலை ஒட்டியிருப்பதால் காற்று கொண்டுவந்து சேர்க்கும் பனியும் உண்டு என்கிறீர்கள். அதற்கு இயந்திரத்தைவிட வேலி நல்லது. பாதிப் பரப்பு திறந்திருக்கும் சட்டவேலி காற்றின் வேகத்தைக் குறைத்து, பனியைத் தன் பின்னாலேயே இறக்கிவிடும். அந்தக் குவியல் வேலியின் உயரத்தைப்போல் 35 மடங்கு தூரம் வரை நீளக்கூடும். 1.2 மீட்டர் வேலியென்றால் பாதையிலிருந்து 40 மீட்டருக்கு அப்பால், காற்று வரும் பக்கத்தில் நட வேண்டும். பாதைக்கு அருகே நட்டால் குவியல் முழுவதும் பாதையின்மேலேயே படியும்.

சாலையோடு சேரும் வாயிலில், சாலைப் பனி வண்டி ஒதுக்கிவிட்டுப் போகும் கரை பாதையின் மற்றப் பனியைவிடக் கடினமானது. அந்த வண்டி எந்தப் பக்கத்திலிருந்து வருகிறதோ, அந்தப் பக்கத்தில் வாயிலுக்குச் சற்று முன்பாகச் சாலையோரத்தில் ஒரு பள்ளம் போல இடத்தைத் திறந்துவைத்தால், பிளேடில் இருக்கும் பனி அங்கே கொட்டிவிடும். உங்கள் வாயிலில் குறைவாக விழும். உங்கள் பனியைச் சாலைக்குக் குறுக்கே தள்ளிவிடாதீர்கள். அது விபத்தை உண்டாக்கும், பல இடங்களில் சட்டப்படி குற்றமும்கூட.

தரை உறைவதற்கு முன் செய்ய வேண்டிய வேலை ஒன்று உங்களுக்கு இப்போதே காத்திருக்கிறது. ஒளிதிருப்பும் பட்டை ஒட்டிய ஒன்றரை மீட்டர் கம்புகளை, பாதையின் இரு ஓரத்திலும் பத்துப் பதினைந்து மீட்டருக்கு ஒன்றாகவும், வளைவில் அதைவிட நெருக்கமாகவும், மதகின் இரு முனைகளிலும் நடுங்கள். உறைந்த பின் கம்பு இறங்காது. பனி மூடிய பின் ஓரம் எங்கே முடிகிறது என்பது பல ஆண்டு ஓட்டியவருக்கும் தெரியாது. கம்பு நடப் போகும் அன்றே ரசமட்டத்தையும் கொண்டுபோய் வளைவின் சரிவை மூன்று இடங்களில் அளந்து, அந்த எண்களை இங்கே எழுதுங்கள். எங்காவது 20 சதவீதத்தைத் தாண்டினால் டிராக்டரைப் பற்றி நான் மேலே சொன்னதை மாற்றிச் சொல்ல வேண்டியிருக்கும். அந்த இடத்தை மண் வெட்டிச் சரிவைக் குறைக்க முடியுமா என்று முதலில் பேசுவோம்.